தவிட்டுப் பிள்ளையும் சிறகு வைத்த சட்டையும்

வேலாயி பெற்றது நாலு. வாங்கினது அதைவிட அதிகம்.

பெற்ற நாலும் ஆண். நாலும் உயிரோடு இருக்கின்றன. அதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஒன்றும் கிடையாது. ஒருவன் கொழும்பில் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கிறான். இன்னொருவன் கட்டாரில் யாருடைய காரையோ கழுவுகிறான். மற்ற இரண்டு பேரும் எங்கே என்று அவர்களின் பெண்சாதிமாருக்கே சரியாகத் தெரியாது. ஆனால் சின்ன வயதில் நாலில் ஒன்றுகூடக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. அந்த ராசிக்காகத்தான் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மேல் பிரிவான மேக்கணக்கின் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்கள் வேலாயிக்கு ஒரு உத்தியோகம் கொடுத்து வைத்திருந்தார்கள். தவிட்டுக்குப் பிள்ளை வாங்குகிற உத்தியோகம்.

விஷயம் இதுதான். ஒரு வீட்டில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறப்பதைப் பெற்றவள் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் தங்கிய ஒருத்திக்கு ஒரு கொத்துத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். வாங்கினவள் குப்பையில் பொறுக்கினது மாதிரி ஒரு பெயர் வைத்து, பால் கொடுக்கப் பெற்றவளிடமே விட்டு வைப்பாள். மாரியம்மன் கோயிலில் முடி இறக்கும்வரை பிள்ளையின் உடம்பில் புதுத்துணி படக்கூடாது. நோய் நொடி இல்லாமல் வளர்ந்த யாராவது உடுத்திக் கழித்த பழந்துணிதான். இவ்வளவு கேவலமாகக் கிடக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்ய என்று எமன் பக்கத்து லயத்துக்குப் போய்விடுவானாம்.

"கணக்கப்புள்ளய ஏமாத்துறதவிட எமன ஏமாத்துறது லேசு" என்பாள் வேலாயி. "அவன் கொழுந்த நிறுத்துப் பாக்க மாட்டான்."

துஷாந்தின் பெண்சாதி ஷாமிலாவுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பெண். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று காலையிலேயே வேலாயி பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். அவளுடைய மாட்டுக்குத் தீனி வாங்குவது எப்போதும் இக்ராம் நானாவின் கடையில்தான்.

"என்னா வேலாயி அக்கா, மூட்டையா எடுக்கிற ஆளு, இன்னைக்கு ஒரு கொத்து கேக்கிறீங்க? மாடு சாப்பிடுறதில்லையா?"

"மாட்டுக்கில்ல நானா. புள்ளைக்கு."

"அல்லா! புள்ளைக்குத் தவிடா? பால்மா இருக்கே."

"திங்கிறதுக்கில்ல. வாங்குறதுக்கு."

நானாவுக்கு விளங்க வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் மனுஷன் நல்ல மனசோடு உள்ளே போய்ப் புது மூட்டையின் வாயைப் பிரித்தார்.

"அதுல வேணாம் நானா. அடியில பூச்சி வச்சுக் கெடக்குமே, அதுல குடுங்க. ஒசந்த தவிட்டக் குடுத்து வாங்கினா அவனுக்குச் சந்தேகம் வரும்."

அன்று பின்னேரம் லயத்து வாசலில், நிலைப்படியைத் தாண்டுவதற்கு முன்பே வியாபாரம் முடிந்தது. ஷாமிலா தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டு பிள்ளையை நீட்டினாள். ஆஸ்பத்திரிக் கடதாசியில் பிள்ளைக்கு வேறு ஏதோ நீட்டுப் பெயர். வேலாயி அதன் முகத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்து, "குப்பாயி" என்றாள். ஒரு காது கேட்காத வேலாயியின் புருஷன் சோலைமலை, "யாரு செத்தா?" என்று கேட்டார். அந்தக் காது போனதே வேலாயியின் வாயால்தான் என்று லயத்தில் பேச்சு.

ஷாமிலா வேலாயியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "பெரியம்மா, இது ஒங்க புள்ள. இது தங்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

"தங்கும். நான் வாங்கி எதுவும் கெட்டதில்ல. மாடு மட்டும்தான் ஒண்ணு மலடாப் போச்சு."

எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும், வினோதா மட்டும் இல்லாதிருந்தால்.

வினோதா துஷாந்தின் அக்கா. வேலாயி முதன்முதலாகத் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் அவள்தான். வினோதாவின் தாய்க்கும் முன்னால் இரண்டு தவறி, மூன்றாவதாக இவள் பிறந்தபோது, இடுப்பில் தலைப்பிள்ளையோடு நின்ற வேலாயி ஒரு கொத்துத் தவிடு போட்டு வாங்கி, "பிச்சாயி" என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடப் பெயர் இடாப்பில்தான் அவள் வினோதா. லயத்தில் அவள் பெரியபிள்ளையாகி மஞ்சள் நீராடும்வரை பிச்சாயிதான். பிச்சாயி என்ற பெயரின் புண்ணியமோ என்னவோ, பலாமரம் மாதிரி வளர்ந்தாள்.

அப்புறம் கொழும்புக்குப் போனாள். முதலில் ஒரு வீட்டில் வேலை. பிறகு பெண்களுக்கு முடி வெட்டி முகம் பூசும் சலூனில். பிறகு அந்தச் சலூன்காரியின் தம்பியையே கட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் மாடி வீட்டில் குடியேறினாள். இந்தப் பயணத்தில் அவள் முதலில் கழற்றிப் போட்டது செருப்பையல்ல, பெயரை. ஊர் எது என்று கேட்கிறவர்களிடம் "நுவரெலியா பக்கம்" என்பாளாம். நம்ம வீடு என்று சொல்லி அவள் போனில் காட்டுகிற படத்தில் தெரிவது தோட்டத்துத் துரையின் பங்களா என்று, அவளைப் பார்க்கப் போய் வந்த லயத்துப் பையன் லோஜன் கோயில் முன்னால் நின்று எல்லோருக்கும் சொல்லிவிட்டான். அந்தப் பங்களாவின் கேட்டுக்குள்ளே அவளுடைய அப்பன் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்துவதற்கு.

தம்பிக்குப் பிள்ளை பிறந்ததும் வினோதா ஒரு வேன் நிறையச் சாமான் அனுப்பினாள். வேன் கோயில் முடக்கோடு, ரோட்டு வளைவிலேயே, நின்றுவிடும். அதற்கு மேலே லயத்துக்குப் படிதான். ஆட்கள் தலையில் வைத்துத் தூக்கி வந்து ஷாமிலாவின் ஒற்றை அறைக் காம்பராவில் இறக்கியபோது, பிள்ளையையும் தாயையும் தவிர மற்றவர்களெல்லாம் வாசலுக்கு வரவேண்டியதாயிற்று. உள்ளே இடம் இல்லை.

வேலாயி தன் பிள்ளைக்கு வந்த சாமான்களைப் பார்வையிட்டாள்.

"இது என்னாடா?"

"தள்ளுவண்டி பெரியம்மா" என்றான் துஷாந்த், பல்லெல்லாம் தெரிய. "பாப்பாவ வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறது. இந்தா, கோப்பை வைக்கக்கூட எடம் இருக்கு."

"எங்க தள்ளுவ? படியிலயா? ஒரு தள்ளுத் தள்ளினா புள்ள நேரா அணைக்கட்டுலதான் போயி நிக்கும். சூடா டீ குடிச்சுக்கிட்டே போகலாம்."

அடுத்தது குளிப்பாட்டும் தொட்டி. அதில் ஒரு பிளாஸ்டிக் மீன். தண்ணீர் சுட்டால் மீன் சிவக்குமாம்.

"மீனப் போட்டுப் பாத்துத்தான் சூடு தெரியணுமா? அவளுக்கு முழங்கை இல்லையா?"

அப்புறம் தொட்டிலுக்கு மேலே கட்டுகிற பொம்மைக் கொத்து. பேட்டரி போட்டால் சுற்றிச் சுற்றி இங்கிலீஷில் பாடியது. தலையில் மாட்டுகிற பட்டி ஒன்று. அதிலிருந்த பூ பிள்ளையின் தலையைவிடப் பெரிது. குப்பாயியின் தலையிலோ நாலு முடி. கடைசியாக ஒரு கண்ணாடிக் கடதாசிப் பெட்டிக்குள்ளே சட்டை. பால் மாதிரி வெள்ளை. லேஸ் வைத்து, அதற்குக் கீழே இன்னும் லேஸ் வைத்து, முதுகில் இரண்டு சிறகும் தைத்திருந்தது.

வேலாயி சிறகைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "புள்ள தங்கணும்னு நாம தவிடு குடுத்து வாங்கினா, இவ பறக்கிறதுக்கு ரெக்க குடுத்து அனுப்பியிருக்கா."

ஷாமிலாவின் முகம் சுண்டிப் போனது. வாசலில் சிரித்துக்கொண்டிருந்தவர்களும் சிரிப்பை விழுங்கினார்கள்.

அன்று இரவே வினோதா போனில் முகம் காட்டினாள். பிள்ளை பிறந்த தீட்டுக்கு முப்பது கழிக்கிற அன்றைக்குத் தானே வருவதாகச் சொன்னாள். "நான் வர்ற நேரம் பேபி அந்த வெள்ள ஃபுரொக்ல, வண்டியில இருக்கணும், என்ன? ஃபோட்டோ எடுக்கணும். சலூன்ல எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

புருஷனின் அக்காவிடம் இல்லை என்று சொல்லும் வாய் ஷாமிலாவுக்கு வாய்க்கவில்லை. "சரி அண்ணி" என்றாள். போனை வைத்ததும் அழுதாள்.

"அஞ்சு நிமிசம்தானே" என்றான் துஷாந்த். "ஒரு போட்டோ புடிச்சதும் கழட்டிருவோம் பெரியம்மா."

"அஞ்சு நிமிசமா? எமனுக்கு அஞ்சு நிமிசம் எதுக்குடா? ரெண்டு தடவ பாத்தும் ஒனக்குப் புத்தி வரலியே."

துஷாந்த் தலையைக் குனிந்துகொண்டான். அக்காளுக்கும் பயம், பெண்சாதிக்கும் பயம், வேலாயிக்கும் பயம். பயந்து பயந்தே அவனுக்கு வழுக்கை விழுந்துகொண்டிருந்தது.

ஷாமிலா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சாமான் வீட்டுல இருந்தா அண்ணி போட்டுத்தான் பாப்பாங்க பெரியம்மா. என்னால தடுக்க ஏலாது."

வேலாயி கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசித்தால் யாருக்கோ கேடு என்று லயத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"ஏண்டி, புள்ள யாருது?"

"ஒங்களது."

"அப்பப் புள்ளைக்கு வந்த சாமான் யாருது?"

"ஒங்களது."

"இருந்தா தானே போடுவா" என்று வேலாயி எழுந்தாள்.

மறுநாளே பங்கு பிரிந்தது. தள்ளுவண்டி கீழ்லயத்து அழகுமுத்துவுக்குப் போனது. கீழ்லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம்வரைக்கும் வண்டிப்பாதை கொஞ்சம் சமம். முதுகெலும்பு போன அழகுமுத்து அந்தப் பாதையில் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து செத்துக்கொண்டிருந்தார். குளிப்பாட்டும் தொட்டி வேலாயியின் மாட்டுக்கு. மாடு முதல் நாளே மீனை நக்கிப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பாட்டுப் பாடும் கொத்தை லோஜனின் லீக்ஸ் பாத்திக்கு மேலே கம்பு நட்டுக் கட்டினார்கள், காட்டுப்பன்றி வராமலிருக்க. முன்பெல்லாம் பன்றிகள் தின்றுவிட்டு உடனே போய்விடும். இப்போது பாட்டு முடியும்வரை நின்று தின்கின்றன என்று லோஜன் குறைப்பட்டான். பூப்பட்டி சோலைமலையின் டோர்ச் லைட்டுக்குக் கழுத்துப்பட்டியாயிற்று.

மிஞ்சியது சிறகுச் சட்டை. அதை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க வேலாயிக்கு மனம் வரவில்லை. எமன் பொல்லாதவன், ஆள் மாறி வந்தாலும் வருவான். அந்த வாரம் அவளுடைய ஆடு குட்டி போட்டது. மழையும் மூடுபனியும் விடாமல் பிடித்த வாரம். குட்டி வெடவெடவென்று நடுங்கியது.

"இந்தா, நீ போட்டுக்க" என்றாள்.

முன்னங்கால்கள் இரண்டும் கை நுழைக்கும் ஓட்டையில் சரியாகப் போயின. சட்டை போட்ட ஆட்டை வேலாயி அதுவரை கண்டதில்லை. குட்டி துள்ளிய துள்ளலில் வெட்கம் இருந்தது.

முப்பது கழிக்கிற அன்று மழை விட்டிருந்தது. வினோதாவின் கார் கோயில் முடக்கில் வந்து நின்றபோது, வாழையிலை வாங்கப் போன துஷாந்த் இன்னும் திரும்பி வரவில்லை. சண்டை முடியும்வரை அவன் திரும்பவும் மாட்டான் என்று வேலாயிக்குத் தெரியும். ஷாமிலா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். குப்பாயியின் உடம்பில் வேலாயியின் மூத்த மகன் சின்னதில் போட்ட சட்டை. கொதிக்க வைத்துத் துவைத்து, அடுப்புக்கு மேலே காயப்போட்டதில் புகை வாசம்.

வினோதா உயர்ந்த செருப்போடு இறங்கினாள். தோளில் இளநீல நிறக் கம்பளிச் சால்வை, வாசனை பூசிய முகம், கையில் போன். கூடவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிரைவர்.

முதலில் எதிரே வந்தது தள்ளுவண்டி. அதில் தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருந்தது. விழாமல் இருக்கப் பிள்ளைக்குப் போடுகிற வாரையும் போட்டிருந்தார் அழகுமுத்து. கோப்பை வைக்கும் இடத்தில் அவருடைய வெற்றிலைப் பை.

"வாம்மா பிச்சாயி! நல்ல சாமான் வாங்கி அனுப்பின. என் முதுகு ஒன்னய வாழ்த்துது."

வினோதா ஒதுங்கிப் படியில் ஏறினாள். டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய முதுகு குலுங்கியது.

பத்துப் படி ஏறியதும் லீக்ஸ் தோட்டத்திலிருந்து இங்கிலீஷ் பாட்டுக் கேட்டது. இன்னும் கொஞ்சம் ஏறினால் மாடு, தொட்டி, மிதக்கும் மீன். அவள் கடைசிப் படியில் கால் வைக்கும்போது, சிறகு வைத்த வெள்ளைச் சட்டையோடு ஒரு ஆட்டுக்குட்டி அவளுக்குக் குறுக்கே பறந்து போனது. சட்டையில் வெள்ளை என்று சொல்ல இப்போது சிறகு மட்டும்தான் இருந்தது.

"ஐயோ! என் ஃபுரொக்!"

"ஒனக்கு அது பத்தாதுடி" என்றாள் வேலாயி, இஸ்தோப்புத் திண்ணையில் கால் நீட்டியபடி.

வினோதாவுக்கு மூச்சு வாங்கியது. "மனுசங்களா நீங்க? ஒரு நல்லது குடுத்தா வச்சு உடுத்தத் தெரியுமா? இதுக்குத்தான் இந்த ஜனங்க இன்னும் லயத்துல கெடக்குதுங்க."

"கெடக்கிறோம். வெள்ளவத்தையில படுக்க எடம் இல்லேன்னு சொன்னாங்களே."

"பெரியம்மா, ஒங்ககிட்ட நான் பேசல. ஷாமிலா, பேபியக் குடு." அவள் ஷாமிலாவின் மடியிலிருந்து பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நல்லவேளை, நான் இன்னொண்ணு கொண்டு வந்தேன்." டிரைவரிடம் கண் காட்டினாள். பெட்டி திறந்தது. உள்ளே ரோஸ் நிறத்தில் ஒன்று, கடைக் கடதாசிகூடப் பிரிக்காமல்.

ஷாமிலா எழுந்து நின்றாள். 

"வேணாம் அண்ணி. புதுசு போடாதீங்க. கால்ல விழுறேன்."

"என்னா மூடப்பழக்கம் இது? இந்தக் காலத்துல, தவிடாம், பழந்துணியாம்! எங்க சலூன்ல சொன்னா சிரிப்பாங்க." வினோதா ஒரு கையால் குப்பாயியின் பழைய சட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"பிச்சாயி!"

அந்தக் குரல் எதிர் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் கேட்டிருக்கும். வினோதாவின் கை நின்றது. எத்தனை வருஷம் கழித்துக் கூப்பிட்டாலும், அந்தப் பெயருக்கு அவளுடைய கை நின்று பழகியிருந்தது.

"அந்தப் பேரச் சொல்லாதீங்க. டிரைவர் நிக்கிறாரு."

"நிக்கட்டும், அவரும் கேக்கட்டும். எம்புள்ள மேல இருந்து கைய எடு. நீயும் எம்புள்ளதான், ஒன் மேல கை வைக்க எனக்கு உரிமை இருக்கு. ஒன்னய நான் வாங்கினப்ப நீ எலிக்குஞ்சு மாதிரி கெடந்த. ஒங்கம்மா ஒன் மூஞ்சியக்கூடப் பாக்கல, பாத்தா நீயும் போயிருவன்னு பயம். எம்மூத்தவன் மூத்திரம் பேஞ்சு கழிச்ச சட்டையத்தான் போட்டு வளந்த. அன்னைக்கு ஒனக்கு எவளாவது ரெக்க மாட்டியிருந்தா, இன்னைக்குக் கார்ல வந்திருக்க மாட்ட. செவுத்துல படமா இருந்திருப்ப. அதுகூட இல்ல, ஒன்னயப் படம் புடிக்க அன்னைக்கு யாருகிட்ட காசு இருந்திச்சு?"

டிரைவர் பெட்டியை மெதுவாக மூடினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் குப்பாயி தன் அபிப்பிராயத்தைச் சொன்னாள். இளநீலச் சால்வையில் ஒரு ஈரத் திட்டு தோன்றி, அகன்று, இடுப்புவரை இறங்கியது.

"ச்சீ!" என்று வினோதா பிள்ளையைத் தள்ளிப் பிடித்தாள். கீழே போடவில்லை, அதை வேலாயி கவனித்தாள். பிள்ளை காற்றில் தொங்கியபடி அத்தையைப் பார்த்துத் தும்மியது. சட்டை முடிச்சு அவிழ்ந்த நெஞ்சில் குளிர் பட்டு மறுபடி தும்மியது. வினோதாவின் முகம் மாறிவிட்டது. தன் தாய் என்ன மூஞ்சியோடு தன்னைப் பார்க்காமல் இருந்திருப்பாள் என்று யோசித்தாளோ, என்னவோ. பிள்ளையைச் சட்டென்று இழுத்து அந்த ஈரத்தோடேயே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வேலாயி எழுந்து வந்து சால்வையின் நுனியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இத எத்தன தடவ போட்டிருக்க?"

"இதா... ரெண்டு வருசமாப் போடுறேன். எதுக்கு?"

"அப்பப் பழசு. போட்டது யாரு? தவிட்டுப் புள்ள. அதுவும் தங்கின தவிட்டுப் புள்ள, நல்லாத் தின்னு கொழுத்த புள்ள." தோளிலிருந்து சால்வையை உருவி, ஈரம் படாத பக்கத்தைப் பிள்ளையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "இவ்வளவு நல்ல துணிய முதுகுல போட்டுக்கிட்டு, வேன் புடிச்சுக் குப்பைய அனுப்பியிருக்கா பாரு."

"பெரியம்மா, அது காஷ்மீர்ல இருந்து..."

"எங்க இருந்து வந்தா என்னா, இங்கதானே வந்து சேந்திருக்கு."

ஷாமிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று அடுத்த லயத்தில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. சாப்பாட்டுக்கு இலை வராததால் எல்லோரும் தட்டில் சாப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்த பிறகு துஷாந்த் வாழையிலையோடு வந்தான்.

வினோதா போகும்போது குளிருக்குச் சோலைமலையின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனாள். அது மழைக்காலத்தில் கவ்வாத்து வெட்டப் போகிறவர்கள் போர்த்துகிற கறுப்புக் கம்பளி. ஆட்டு வாசம், புகையிலை வாசம் எல்லாம் சேர்ந்தது. கார்க் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டுதான் டிரைவர் முடக்கில் திரும்பினான். ரோஸ் சட்டையை அவள் வைத்துவிட்டுப் போக, அழகுமுத்து சிலிண்டரின் தலைக்கு மாட்டியிருக்கிறார், தூசு படாமலிருக்க.

இரவு போன் வந்தது. ஷாமிலா வேலாயியின் காதில் வைத்தாள்.

"பெரியம்மா, அந்தச் சால்வைய வெந்நியில போட்ராதீங்க. கம்பளி நூலு, சுருங்கிரும்."

வேலாயி திரும்பி அடுப்பைப் பார்த்தாள். குண்டானில் அது பொழுது சாய்ந்ததிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பை விட்டு மேலே தூக்கினாள். ஆள் உயரத்துக்குத் தொங்கின சால்வை ஒரு முழத்துக்கு வந்து, தடித்து, மெத்தென்று ஆவி விட்டது.

"சுருங்கட்டும்டி" என்றாள். "இப்பத்தான் புள்ள அளவுக்கு வந்திருக்கு."